குளக்கட்டடிப் பூங்காவைத் திருத்த வேண்டும்: சனத்திடம் எப்படிக் கேட்பது, எதை முதலில் செய்வது?

வாய்க்கால்கரை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் கரைச்சிப் பக்கம் ஒரு ஊர்ப் பூங்காவைத் திருத்தும் வேலை கையில் இருக்கிறது. விபரத்தைத் தருகிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கோ.

காணி ஏறக்குறைய ஒரு ஏக்கர். வடக்கே சின்னக் குளத்தின் கட்டு, தெற்கே கிரவல் வீதி, கிழக்கே முன்பள்ளி, மேற்கே வயலுக்குப் போகும் வாய்க்கால். உள்ளே நிற்பவை கறள் பிடித்த ஊஞ்சல், தகரம் கிழிந்த சறுக்கி, உடைந்த சீமெந்து வாங்கு நாலு. மரம் என்றால் இரண்டு வேம்பு, கட்டடியில் ஒரு பெரிய மருது. மூன்றும் நல்ல நிலையில். மாரியில் நடுக்காணியில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். கோடையில் கட்டாக்காலி மாடு வந்து படுக்கும். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு பொடியன்களைத் தவிர வேறு ஒருவரும் போவதில்லை.

பிரதேச சபை அடுத்த வருட வரவு செலவில் சேர்க்கலாம் என்கிறது, ஆனால் ஊர்ச்சனத்தின் கருத்தோடு திட்டம் கேட்கிறது. விளையாட்டுக் கழகம் கரப்பந்துத் திடல் வேண்டும் என்கிறது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குச் சிறுவர் பகுதி முதலில் வேண்டும். வயதானவர்கள் நடைபாதை கேட்கிறார்கள். காணி முழுவதையும் ஒரு அடி உயர்த்திக் கிரவல் போட்டால் எல்லாம் சரி என்று இன்னொரு பகுதியார்.

ஒரே கூட்டம் வைத்து முடிவெடுக்கலாமா? தண்ணீருக்கு என்ன வழி? சபைக்குக் கொடுக்கும் திட்டத்தில் என்னென்ன அளவுகள் இருக்க வேண்டும்?


முன்றில் (பதில்)

தம்பி, ஒரே கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டாம். கூட்டத்தைக் கடைசிக்கு வையுங்கோ. கிழமை நாளில் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டால் சங்க நிர்வாகிகளும் ஓய்வூதியக்காரரும் வருவார்கள். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஞாயிறு மட்டும்தான் வீடு. சிறுபோக அறுவடை நடக்கும் கிழமையென்றால் கமக்காரரும் இல்லை. வந்தவர்களுக்குள்ளும் சத்தமாகக் கதைப்பவர் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரின் விருப்பம் 'மக்கள் கருத்து' என்று கோப்பில் ஏறிவிடும்.

முதலில் கேட்காமல் எண்ணுங்கோ. ஒரு அப்பியாசக் கொப்பியும் பென்சிலும் போதும். மூன்று நாள் எடுங்கோ: ஒரு கிழமை நாள், ஒரு ஞாயிறு, கோயிலிலோ தேவாலயத்திலோ சனம் கூடும் ஒரு நாள். ஒவ்வொரு நாளும் காலை 6, பகல் 10, பின்னேரம் 4, மாலை 6.30. காணியின் கோட்டுப்படத்தில் ஆண், பெண், பிள்ளை, வயதானவர் என்று நாலு குறி. யார் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கத்தால் உள்ளே வந்தார், குறுக்கே எந்த ஒற்றையடிப் பாதையால் நடந்தார். பன்னிரண்டு படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்த மூலை எந்த நேரத்தில் வெறுமையாகக் கிடக்கிறது என்று தெரியும். சனம் தன் காலால் போட்டு வைத்த ஒற்றையடிப் பாதைதான் நடைபாதைக்கு முதல் வரைபடம். அதை மறித்து வாங்கையோ பூப்பாத்தியையோ வைத்தால் ஒரு மாதத்தில் மிதித்து விடுவார்கள்.

இரண்டாவது, நடந்து கேட்பது. 'உங்களுக்கு என்ன வேணும்?' என்று கேட்டால் சனம் வேறு ஊரில் கண்டதைச் சொல்லும்: நீர்த்தடாகம், வளைவு, உடற்பயிற்சி இயந்திரம். கேட்க வேண்டியது 'எந்த நேரத்தில் இந்தப் பக்கம் வரமாட்டீர்கள், ஏன்?' என்பதுதான். ஆறேழு பேராகக் காணிக்குள் நடத்திக்கொண்டு போய், நின்ற இடத்திலேயே சொல்ல வையுங்கோ. பெண்களைத் தனியாக, பெண் ஒருவர் கூட்டிக்கொண்டு போகட்டும். பொழுது சாயும் நேரம் ஒரு தரமாவது. அப்போதுதான் பற்றை மறைக்கும் மூலை, வெளிச்சம் இல்லாத வாசல், மலசலகூடம் இல்லாத குறை எல்லாம் வாயில் வரும். வன்னியில் செயற்கைக் காலோடும் ஊன்றுகோலோடும் நடப்பவர்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு மூன்று பேரையாவது வீட்டுக்குப் போய் அழையுங்கோ. அழைப்பிதழைப் பார்த்து வரமாட்டார்கள்.

பிள்ளைகளிடம் ஐந்தாம் ஆறாம் தரம் நல்ல வயது. வகுப்பாசிரியரிடம் ஒரு பாடவேளை வாங்கி, பூங்காவைக் கீறச் சொல்லி, பிடித்த இடத்துக்குப் பச்சை, பயமான இடத்துக்குச் சிவப்பு. சிவப்பு ஒரே இடத்தில் விழுந்தால் காரணத்தை அங்கே போய்ப் பாருங்கோ. கிணற்றுக்கட்டு உடைந்திருக்கலாம், நாய் படுக்கும் இடமாயிருக்கலாம்.

பிறகு வாக்கு. ஒவ்வொரு தெரிவுக்கும் ஒரு படம் ஒட்டிய பால்மா ரின் (எழுத வாசிக்கத் தெரியாதவரும் போட வேண்டும்). ஆளுக்கு ஐந்து விதை. பெண்களுக்குப் புளியங்கொட்டை, ஆண்களுக்குச் சோளம், பிள்ளைகளுக்கு மஞ்சாடி. ஐந்தையும் ஒரே ரின்னில் போடலாம், பிரித்தும் போடலாம். குன்றிமணி மட்டும் பாவிக்க வேண்டாம், அது நஞ்சு. பிள்ளைகள் வாயில் வைக்கும். எண்ணும்போது மொத்தத்தைப் பார்க்காதீர்கள், மூன்று விதையையும் தனித்தனியே எண்ணுங்கோ. கரப்பந்து முதலாவதாக வந்திருக்கும், ஆனால் அந்த ரின்னில் புளியங்கொட்டை ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். அதைத்தான் சபைக்குக் கொடுக்கும் அறிக்கையில் எழுத வேண்டும்.


மட்டக்குழாய் (பதில்)

முன்றில் அக்கா சொன்னதோடு சேர்த்து அளவைப் பக்கத்தைச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் காணிக் கடதாசி. காணி யாருடையது என்று எழுத்தில் இல்லாமல் ஒரு முளைகூட அடிக்க வேண்டாம். 'சபைப் பூங்கா' என்று எல்லாரும் சொல்வார்கள். நில அளவைப் படத்தில் பாதி குள ஒதுக்கீடாக (குளத்துக்கென்று ஒதுக்கிய நிலமாக) இருக்கும். குளக்கட்டை ஒட்டிய காணிக்கு இது கட்டாயம் பார்க்க வேண்டிய விடயம். சின்னக் குளம் பொதுவாகக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ், பெரியது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ். பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்டால் தெரியும். ஒதுக்கீட்டுக்குள் நிரந்தரக் கட்டடம் எழுப்ப விடமாட்டார்கள். ஆகவே மலசலகூடமும் கொங்கிறீற் வேலையும் வீதிப் பக்கம், கட்டுப் பக்கம் மரநிழலும் புல்லும் என்று ஆரம்பத்திலேயே பிரித்துக்கொண்டால் பிறகு கோப்பு தடக்காது. பிரதேச செயலாளரின் கடிதம், அளவைப் படம், சபையின் தீர்மானம் மூன்றும் முதல் தாள்கள்.

அடுத்தது தண்ணீர். நடுக்காணியில் நிற்பது மழைத்தண்ணீரா, குளத்துக் கசிவா என்று முதலில் கண்டுபிடியுங்கள். மழை விட்டு ஒரு கிழமைக்குப் பிறகும், குளம் நிறைந்திருக்கும் நாளில் அதே இடம் சதசதவென்று ஈரமாக இருந்து, கட்டுக்குக் கிட்டவாகப் போகப் போக ஈரம் கூடினால் அது கசிவு. அப்படியென்றால் கட்டின் அடியில் நீங்களாகக் கான் (வடிகால்) வெட்டக் கூடாது. கட்டு உடையும். திணைக்களத்துக்கு எழுதுங்கள். மூன்று நான்கு நாளில் வற்றினால் மழைத்தண்ணீர்; அதை நாம் கையாளலாம்.

எவ்வளவு தண்ணீர் என்பதை ஒரு கணக்கில் பாருங்கள். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீற்றர். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறத்தாழ நான்கு இலட்சம் லீற்றர். வாடைக்காலத்தில் அப்படியான நாள் வருவது புதினமில்லை. 2018 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பழைய ஆட்களைக் கொண்டு மரத்திலும் மதிலிலும் குறி வைப்பியுங்கள். ஊர்ச்சனத்திடம் கேட்டுப் பெற வேண்டிய மிகப் பெறுமதியான தரவு இதுதான். எந்த அலுவலகத்திலும் இந்தக் குறி கிடைக்காது.

ஒரு அடி உயர்த்தும் யோசனையை விடுங்கள். ஒரு ஏக்கருக்கு ஒரு அடி என்றால் 43,560 கன அடி, அதாவது 435 கியூபுக்கு மேல் (ஒரு கியூப் நூறு கன அடி). மூன்று கியூப் டிப்பரில் 145 தடவை. இறுகும்போது அமிழ்வதை இதில் சேர்க்கவில்லை. பணம் அதிலேயே முடியும். அதைவிடப் பெரிய பிழை, நீங்கள் தள்ளும் தண்ணீர் முழுவதும் கிழக்கே முன்பள்ளி முற்றத்துக்குள் போகும். வேம்பு, மருது மூன்றின் அடியையும் மண்ணால் மூடினால் வேருக்குக் காற்று இல்லாமல் இரண்டு மூன்று வருடத்தில் பட்டுப்போகும்.

செய்ய வேண்டியது ஒரு அகன்ற புல்வாய்க்கால். மேல்வாய் ஒரு மீற்றர், ஆழம் 20 சென்ரிமீற்றர் அளவில் தொடங்கி, 200க்கு 1 சரிவு. 60 மீற்றர் நீளத்துக்கு 30 சென்ரிமீற்றர் இறக்கம் வரும். பக்கங்கள் படுக்கையாக இருந்தால் பிள்ளை விழாது, புல்வெட்டியும் போகும். சரிவைக் கண்ணால் பார்க்காதீர்கள். 10 மீற்றர் தெளிந்த குழாய் வாங்கி, காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு முளையில் பிடித்து மட்டம் எடுங்கள். அதே குழாயால் மேற்கு வாய்க்காலின் தண்ணீர் மட்டத்தையும் எடுங்கள். மாரியில் வாய்க்கால் நிரம்பி, பூங்காவின் நடுவைவிட உயரமாக நின்றால் தண்ணீர் எதிர்ப்பக்கம் வரும். வாய்க்காலில் விடுவதற்குக் கமக்காரர் அமைப்பின் சம்மதம் எழுத்தில் வேண்டும். காலபோக அறுவடை நேரம் தையிலும் மாசியிலும் வயலுக்குள் தண்ணீர் இறங்கினால் சண்டை வரும், அது நியாயமான சண்டை. வாயில் ஒரு பலகைக் கதவு வைத்து, திறப்பை (சாவியை) அவர்களிடமே கொடுங்கள்.


காட்டுப்பாதை (பதில்)

ஒருத்தரும் இன்னும் சொல்லேல்லை, அதால நான் சொல்லுறன். பெக்கோ (மண் தோண்டுற மெசின்) இறக்க முன்னம் காணியின்ர மிதிவெடித் துப்புரவுப் பத்திரத்தைப் பாருங்கோ. பிரதேச செயலகத்தில கேக்கலாம், இல்லாட்டி கிளிநொச்சியில இருக்கிற பிராந்திய மிதிவெடி நடவடிக்கை அலுவலகத்தில கேக்கலாம். பத்திரம் இருந்தாலும் அதில போட்டிருக்கிற பரப்பையும் ஆழத்தையும் வாசியுங்கோ. துப்புரவு செய்தது ஒரு குறிச்ச ஆழத்துக்குத்தான். மரக்குழி இரண்டடி, வேலித்தூண் இரண்டரை அடி, ஊஞ்சல் அத்திவாரம் அதைவிடக் கீழ. எங்கெங்க தோண்டப் போறியள் எண்டு படத்தில குறிச்சுக் குடுத்து, திரும்பப் பாக்க வேணுமோ எண்டு எழுத்தில கேளுங்கோ.

வெளியால இருந்து வாற மண்ணும் அப்பிடித்தான். கிரவலோட வெடிபொருள் வந்து சேர ஏலும். கொட்டினதும் ஒரு ஆள் நிண்டு பாத்துத்தான் பரவ வேணும். சிரமதானத்தில குப்பையைக் குவிச்சு நெருப்பு வைக்கிற பழக்கத்தை உந்தக் காணியில முற்றா விடுங்கோ. மண்ணுக்க கிடக்கிறது சூட்டில வெடிக்கும். சந்தேகமா ஏதும் கண்டால் தொடாமல், தூக்காமல், வந்த காலடியாலேயே திரும்பி வந்து, தடி நட்டுத் துணி கட்டி, 119க்கு அடியுங்கோ. சிரமதானம் துவங்க முன்னம் இதைப் பிள்ளையளுக்கும் ஒருக்கால் சொல்லிப் போடுங்கோ.


வாய்க்கால்கரை

காட்டுப்பாதை அண்ணை, பெரிய உதவி. இது எங்கள் பட்டியலில் இருக்கவே இல்லை. முதலாவதாகச் சேர்க்கிறேன். மட்டக்குழாய் அண்ணை, உயர்த்தும் கணக்கைக் காட்டினால் அந்தப் பகுதியாரும் ஒத்துக்கொள்வார்கள்.

இன்னும் மூன்று விடயம். திடலும் சிறுவர் பகுதியும் நடைபாதையும் ஒரு ஏக்கருக்குள் அடங்குமா? ஊஞ்சலுக்கும் பாதைக்கும் என்ன பொருள், எவ்வளவு? மாட்டுக்கு என்ன வழி?


மட்டக்குழாய்

அடங்கும். சண்டை வருவதே அளவு தெரியாததால்தான். கரப்பந்துத் திடல் 18 மீற்றருக்கு 9. நாலு பக்கமும் 3 மீற்றர் வெறுமை விட்டால் 24க்கு 15, அதாவது 360 சதுர மீற்றர். காணியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நீளப்பாடு வடக்குத் தெற்காக வையுங்கள், இல்லாவிட்டால் பின்னேர வெயில் ஒரு பக்கத்து அணியின் கண்ணில் அடிக்கும். சிறுவர் பகுதி முன்பள்ளிப் பக்கம், திடல் மேற்கே, நடுவில் மரமும் வாங்கும்.

இதைக் கூட்டத்தில் வாயால் விளங்கப்படுத்த வேண்டாம். காணியை 100க்கு 1 அளவில் ஒரு மட்டையில் கீறினால் சதுரக் காணிக்கு ஏறத்தாழ 64 சென்ரிமீற்றர் பக்கம் வரும். திடலை 24க்கு 15 சென்ரிமீற்றர் துண்டாக வெட்டுங்கள், ஊஞ்சலை 9.6க்கு 6.6, மரநிழலை வட்டமாக. சனமே துண்டை நகர்த்தி வைக்கட்டும். துண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறும்போது எதை விடுவது என்று அவர்களே கதைப்பார்கள்.

ஊஞ்சல் துண்டு ஏன் அவ்வளவு பெரிது என்று கேட்பார்கள். ஊஞ்சல் தொங்கும் சட்டம் நிலத்திலிருந்து 2.4 மீற்றர் என்றால் முன்னுக்கு அதன் இரு மடங்கு 4.8, பின்னுக்கும் 4.8 வெறுமை வேண்டும். அகலத்தில் சட்டம் 3 மீற்றர், இரு புறமும் 1.8 மீற்றர். இந்த 63 சதுர மீற்றரும் 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மணல். 19 கன மீற்றர், ஏறத்தாழ 7 கியூப். மணலுக்கு அனுமதிப்பத்திரம் உள்ள இடத்தில் வாங்கிப் பற்றுச்சீட்டை வையுங்கள், கணக்காய்வில் கேட்பார்கள். களி கலந்த மணல் ஒரு மாரியோடு இறுகிச் சீமெந்து போலாகிவிடும். கையில் எடுத்துப் பிசைந்து பாருங்கள், உருண்டையாக நின்றால் திருப்பி அனுப்புங்கள். கிழமைக்கு ஒருமுறை வாரியால் கிளற வேண்டும். ஊஞ்சலுக்குக் கீழே குழி விழும் இடத்தில்தான் மணல் மிகவும் தேவை, அங்கேதான் அது இல்லாமல் போகும்.

சட்டத்துக்கு 2 அங்குல ஜீ.ஐ. பைப் (நாகம் பூசிய இரும்புக் குழாய்), நடுத்தரக் கனம். வெல்டிங் பிடித்த இடத்தில் நாகப்பூச்சு எரிந்து போகும். அங்கே கம்பித் தூரிகையால் தேய்த்து, நாகம் கலந்த பூச்சு இரண்டு தரம் அடிக்க வேண்டும். கறள் தொடங்குவது எப்போதும் அந்த ஒட்டிலும், கொங்கிறீற்றுக்குள் நுழையும் கழுத்திலும்தான். கழுத்தடியில் தண்ணீர் தேங்காமல் கொங்கிறீற்றைக் குவித்துச் சரிவாக முடியுங்கள், ஆனால் அதன் தலை மணலுக்கு 20 சென்ரிமீற்றராவது கீழே இருக்க வேண்டும். மேலே தெரிந்தால் பிள்ளையின் தலை அதில் அடிபடும். ஏணி, கைபிடிச் சட்டம் எதிலும் 9 முதல் 23 சென்ரிமீற்றர் வரையான இடைவெளி விடாதீர்கள். உடம்பு போய்த் தலை சிக்கும் அளவு அதுதான்.

சறுக்கியைத் தகரத்தில் செய்தால் வேம்பின் நிழலில் வையுங்கள். வைகாசி, ஆனி வெயிலில் வெளியே நிற்கும் தகரம் பிள்ளையின் தொடையைச் சுட்டுவிடும்.

பாதை: 200 மீற்றர் சுற்று, 1.5 மீற்றர் அகலம். 300 சதுர மீற்றர். பூட்டுக்கல் (ஒன்றோடொன்று பொருத்திப் பதிக்கும் தளக்கல்) 60 மில்லிமீற்றர் கனம் நடப்பதற்குப் போதும். 20க்கு 10 சென்ரிமீற்றர் கல் என்றால் சதுர மீற்றருக்கு 50, மொத்தம் 15,000. உடைவுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்து 15,750. கீழே இறுக்கிய கிரவல் 10 சென்ரிமீற்றர்: 30 கன மீற்றர், கொட்டும்போது 38 வேண்டும், 13 முதல் 14 கியூப். கல்லுக்கு அடியில் மணல் 3 சென்ரிமீற்றர்: 9 கன மீற்றர், மூன்றேகால் கியூப். குறுக்குச் சரிவு ஒன்றரை மீற்றருக்கு 3 சென்ரிமீற்றர், வாய்க்கால் பக்கம். மிகவும் முக்கியம் இரு புறமும் கரைக்கல். செலவைக் குறைக்க முதலில் வெட்டுவது கரைக்கல்லைத்தான், பாதை பிரிவதும் அதனால்தான்: ஓரக்கல் வெளியே சாயும், மணல் மழையில் ஓடும், நடுவில் குழி விழும், ஊன்றுகோல் அந்தக் குழியில் மாட்டும். பணம் போதாவிட்டால் பாதையின் நீளத்தைக் குறையுங்கள், கரைக்கல்லை விடாதீர்கள்.

வாசலில் படி வேண்டாம். 45 சென்ரிமீற்றர் உயரம் ஏற 12க்கு 1 சரிவில் 5.4 மீற்றர் நீளம் தேவை. இடம் ஒதுக்கும்போதே அதைக் கணக்கில் எடுங்கள். பொது இடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் 2006இல் வர்த்தமானியில் வந்துவிட்டன. சபையின் மதிப்பீட்டில் அதைக் குறிப்பிட்டுக் கேட்கலாம்.


வேம்படி (பதில்)

மாட்டுக்கும் மரத்துக்கும் நான் சொல்கிறேன் தம்பி.

மாடு உள்ளே வருவது புல்லுக்கும் நிழலுக்கும் தண்ணீருக்கும். வேலியை மட்டும் பலப்படுத்தினால் முட்டித் தள்ளும். வெளியே வீதியோரம் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டி, உள்ளே இருக்கும் குழாயின் கழிவு நீர் அதற்குப் போக விட்டால் பாதிப் பிரச்சினை குறையும். சவர்க்காரத் தண்ணீர் கலக்காத குழாயாக இருக்க வேண்டும். வேலிக்குக் கொங்கிறீற் தூண் எட்டடிக்கு ஒன்று, மூலைத்தூணுக்கு இரு பக்கமும் முட்டுக்கால். முட்டுக்கால் இல்லாத மூலை முதலில் சரியும், பிறகு கம்பி முழுவதும் தொய்யும். உள்பக்கமாகக் கிளுவைக் கதியால் (நட்டால் துளிர்க்கும் தடி) ஒன்றரை அடிக்கு ஒன்று நட்டால் நாலைந்து வருடத்தில் அதுவே வேலி. ஐப்பசி முதல் மழையோடு நட வேண்டும்.

வாசலில் வளைந்து நுழையும் தடுப்பு வைப்பார்கள். மாடு வராது, சக்கர நாற்காலியும் வராது. தானாக மூடும் கதவு, குறைந்தது 90 சென்ரிமீற்றர் திறப்பு. மேல் பிணைச்சலைக் கதவின் தாழ்ப்பாள் பக்கமாகச் சற்றுத் தள்ளிப் பொருத்தினால் கதவு தன் பாரத்திலேயே மூடும். வில் வைத்தால் கறள் பிடிக்கும்.

மரம் ஐப்பசி கார்த்திகையில். குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டடி. தோண்டிய மேல்மண்ணைத் தனியாக வைத்து, மக்கிய சாணத்தோடு கலந்து திரும்பப் போடுங்கள். வேம்பு, மருது, நாவல், இலுப்பை, பூவரசு எல்லாம் இந்த மண்ணுக்குப் பழகியவை. இலுப்பை மெதுவாகத்தான் வளரும், ஆனால் நடாமல் விட வேண்டாம். நிழல் அவசரமாக வேண்டிய இடத்துக்கு வேம்பு. ஆல், அரசு பாதைக்கும் மதிலுக்கும் கிட்ட வேண்டாம். பனையும் தென்னையும் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு மேலே வேண்டாம்; ஆவணியில் விழும் பனம்பழம் ஒன்று தலையைப் பதம் பார்க்கும். குளக்கட்டின் மேல் எந்த மரமும் நடக் கூடாது. வேர் உக்கிய வழியால் தண்ணீர் கசியும்.

இப்போது கவனிக்க வேண்டியது. சபையின் பணம் டிசம்பர் 31க்குள் கணக்கு முடிய வேண்டும். நீங்கள் கார்த்திகையில் மரம் நட்டுப் படம் எடுத்துக் கோப்பை மூடுவீர்கள். மரத்துக்குத் தண்ணீர் தேவைப்படுவது அடுத்த சித்திரையிலிருந்து புரட்டாதி வரை, கச்சான் காற்று அடிக்கும் காலம். அந்த ஆறு மாதமும் கிழமைக்கு இரண்டு முறை கன்றுக்குப் பத்து லீற்றர். முப்பது கன்றுக்கு கிழமைக்கு 600 லீற்றர். ஒரு பவுசருக்கு (தண்ணீர் வண்டிக்கு) அல்லது ஒரு ஆளுக்குப் பணம் அடுத்த வருட வரவு செலவிலும் வர வேண்டும். அதை இப்போதே எழுதிக் கேளுங்கள். முப்பது கன்றுக்குத் தண்ணீர் இல்லையென்றால் பன்னிரண்டு நடுங்கள், பன்னிரண்டும் நிற்கட்டும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பழைய மண்பானையை அடியில் சின்னத் துளையிட்டுத் திரி வைத்துப் புதைத்தால் தண்ணீர் மெல்ல இறங்கும்.


முன்றில்

வேம்படி ஐயா சொன்ன அடுத்த வருடக் கணக்கு வெளிச்சத்துக்கும் பொருந்தும். சூரிய லைற் பூட்டுவது இலகு. இந்த வெக்கையில் பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் இளைக்கும். மாற்றுவது யார் என்று உடன்படிக்கையில் எழுதாவிட்டால் கம்பம் மட்டும் நிற்கும். மரக்கிளைக்குக் கீழே பூட்டவும் வேண்டாம், வெயில் படாது. வாசல், மலசலகூடம், சிறுவர் பகுதி, வீதிக்குப் போகும் பாதை என்று நாலு இடத்தில் நல்லதாகப் போடுங்கோ. பற்றையை முழங்கால் உயரத்துக்கு மேல் வளர விடாமல், மரக்கிளையை ஆள் உயரத்துக்கு மேலே கவ்வாத்துப் பண்ணினால் வீதியில் போகிறவருக்கு உள்ளே இருப்பவர் தெரிவார். பின்னேரம் பெண்கள் வரத் தொடங்குவது லைற்றால் மட்டும் இல்லை, அந்தப் பார்வையாலும்தான்.

மலசலகூடம் கட்டினால் துப்புரவு செய்பவரின் சம்பளம் யார் பொறுப்பு என்பதைக் கட்ட முன்னம் முடிவெடுங்கோ. முடிவில்லையென்றால், முன்பள்ளியினதைப் பின்னேரம் திறந்து வைக்கும் ஒழுங்கைக் கேட்டுப் பார்க்கலாம்.

கூட்டத்துக்கு இப்போது வாருங்கோ. மட்டையும் விதைக் கணக்கும் வெள்ளக் குறியும் கையில் இருக்கும்போது கூப்பிடுங்கோ. சுவரில் மூன்று நிரல் எழுதி ஒட்டுங்கோ: சனம் கேட்டது, திட்டத்தில் எடுத்தது, எடுக்காததும் அதற்குக் காரணமும். மூன்றாவது நிரலை மறைத்தால் அடுத்த முறை ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். பெயர்ப்பலகை, சிலை, யார் அடிக்கல் வைப்பது என்ற கதை வந்தால் வேறு நாளுக்குத் தள்ளுங்கோ. நல்ல திட்டங்கள் அந்த இடத்தில்தான் நின்று போகின்றன. சபைக்கு ஓகஸ்ட், செப்ரெம்பருக்குள் கொடுத்தால்தான் டிசம்பரில் நிறைவேறும் வரவு செலவில் இடம் கிடைக்கும். உங்கள் வட்டார உறுப்பினர், மற்றக் கட்சி உறுப்பினர்கள், சபைச் செயலாளர் எல்லாருக்கும் ஒரே பிரதியைக் கொடுங்கோ.


வாய்க்கால்கரை

நன்றி அக்கா, நன்றி எல்லாருக்கும். ஒழுங்கை இப்படி எழுதிக்கொண்டேன்: காணிக் கடதாசியும் மிதிவெடிப் பத்திரமும், எண்ணுதல், நடந்து கேட்டல், விதை, பிறகு மட்டை வைத்துக் கூட்டம். ஒரு சந்தேகம் மட்டும். மட்டையில் பார்ப்பது எல்லாருக்கும் விளங்குமா? வயதானவர்களுக்கு அந்த அளவு பிடிபடாது என்று நினைக்கிறேன்.


மட்டக்குழாய்

பிடிபடாது. ஆகவே கூட்டத்தைக் காணிக்குள்ளேயே வையுங்கள், பின்னேரம் நாலரைக்கு. மட்டையில் முடிவானதை அப்படியே நிலத்தில் கயிறு கட்டி, சாம்பலால் கோடு போடுங்கள். 40 முளை, 250 மீற்றர் கயிறு, இரண்டு வாளி அடுப்புச் சாம்பல் போதும். முளையைக் கையால் குத்தக்கூடிய அளவுக்கு மட்டும் இறக்குங்கள். காட்டுப்பாதை அண்ணை சொன்ன பத்திரம் கையில் வராமல் முளையும் குத்த வேண்டாம், அலவாங்கும் பாவிக்க வேண்டாம். சாம்பல் கோட்டுக்குள் ஒரு சக்கர நாற்காலியை உருட்டிப் பார்க்கலாம், ஊஞ்சல் இடத்தில் ஒரு பிள்ளையை நிறுத்திப் பார்க்கலாம், வாங்கு வரும் இடத்தில் கதிரை போட்டு ஒரு அம்மாவை இருத்தி, அங்கிருந்து பிள்ளை தெரிகிறதா என்று கேட்கலாம். தெரியாவிட்டால் கோட்டைக் காலால் அழித்து அந்த இடத்திலேயே மாற்றிக் கீறுங்கள். கடைசிக் கோட்டை அளந்து படத்தில் ஏற்றிய பிறகுதான் மதிப்பீடு. இரவு மழை வந்தால் சாம்பல் போய்விடும், ஆகவே அன்றைக்கே அளந்து முடியுங்கள்.